ஏழு வருட ரூன்ஸ்கேப்பும், தொழிலை ஓடி முடிப்பவர்கள் மேல் எனக்குள்ள கோபமும்

2018 தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால், அக்டோபர் 30 அன்று, ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்கிற ஆன்லைன் விளையாட்டு போனுக்கு வந்தது. லீவுக்குச் சேலம் வந்திருந்த சித்தப்பா மகன்தான் என் போனில் அதை இறக்கிக் கொடுத்தான். "அண்ணா, நீங்க பட்டறையில செய்யற வேலையெல்லாம் இதுலயும் இருக்கு, பாருங்க" என்றான். இரண்டு பேரும் ஒரே இரவில் கணக்குத் தொடங்கினோம். ஏழு வருடம் தாண்டிவிட்டது. போன் மூன்று மாறிவிட்டது, கணக்கு மட்டும் அதேதான். இத்தனை நாள் விளையாடியவன் என்ற முறையில் நல்லதையும் சொல்ல வேண்டும், மனதில் கிடக்கிற ஒரு கோபத்தையும் சொல்ல வேண்டும்.

முதலில் விளையாட்டு. ரூன்ஸ்கேப் 2001-இல் வந்தது. அது மாறிக்கொண்டே போனதில் பழைய ஆட்களுக்கு மனத்தாங்கல். அதனால் 2007 ஆகஸ்ட் மாதப் பிரதி ஒன்றை எடுத்து 2013 பிப்ரவரியில் தனியாகத் திறந்தார்கள். அதுதான் ஓல்ட் ஸ்கூல். சண்டை, கதை எல்லாம் உண்டு; என்னைப் பிடித்து வைத்தது அதிலுள்ள தொழில்கள். விளையாட்டில் ஸ்கில் என்பார்கள், எனக்குத் தொழில் என்றுதான் வாயில் வரும். மீன்பிடி, சமையல், மரம் வெட்டு, சுரங்கம், உலை, கைவினை என்று ஒவ்வொன்றுக்கும் 1-லிருந்து 99 வரை லெவல். 99-க்கு 1,30,34,431 எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி, வேண்டும். லெவல் 92-இல் நிற்கும்போதுதான் அதில் பாதி வந்திருப்போம். 70-ஐத் தொடும்போது 7,37,627. மொத்தத்தில் ஆறு சதவீதம்கூட இல்லை. இந்தக் கணக்கைப் பார்த்து மலைத்துப் போகிறவர்கள் உண்டு. எனக்கு இது பழக்கப்பட்ட கணக்காகத்தான் தெரிந்தது.

எங்களுடையது செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, அப்பா காலத்திலிருந்து. கொலுசு ஒரே கையில் முடிகிற பொருள் கிடையாது. உருக்குபவர் ஒருவர், கம்பி இழுப்பவர் ஒருவர், கண்ணி கோர்ப்பது வேறு ஆள், பற்றவைப்பது வேறு ஆள், மெருகு கடைசியில். புதிதாக வருகிற பையனுக்கு முதல் வேலை பட்டறையைக் கூட்டுவது. கூட்டுவது என்றால் சும்மா இல்லை. தரையில் விழுந்த தூசியில் வெள்ளி இருக்கும். அதைச் சேர்த்து வைத்தால் வாங்கிப் போய் அலசி வெள்ளி எடுக்கிற ஆட்கள் வருவார்கள். அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அந்தத் துடைப்பம்தான்.

அதனால் விளையாட்டில் நான் முதலில் தேடியது வெள்ளியை. லம்பிரிட்ஜ் ஊரைத் தாண்டி, 10 காசு சுங்கம் கட்டி அல் கரித்துக்குள் போனால் அங்கே சுரங்கத்தில் வெள்ளிப் பாறை இருக்கிறது. பெரிய தேள்கள் சுற்றிக்கொண்டிருக்கும். சுரங்கத் தொழிலில் 20 லெவல் வந்தால்தான் வெட்ட முடியும். உருக்கவும் 20 வேண்டும். கைவினையில் 23 வந்த பிறகு அச்சு வைத்து டியாரா என்கிற தலையணி செய்யலாம், ஒன்றுக்கு 52.5 எக்ஸ்பி. முதல் டியாராவை நான் விற்கவில்லை. இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

போனில் விளையாடுவது பற்றிக் கேட்பவர்களுக்கு: தாராளமாக விளையாடலாம். சுமாரான போனே போதும், டேட்டாவும் அதிகம் தின்னாது. இங்கிலாந்து, ஜெர்மனி, ஆஸ்திரேலியா என்று எங்கெங்கோ இருக்கிற சர்வர்களில்தான் நான் ஏறியிருக்கிறேன். எனக்கு ஜெர்மனி நன்றாக வருகிறது. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டினால் போதும் என்கிற வேலைகளுக்கு நெட் தாமதம் பெரிதாகத் தெரியாது. ஏற்காட்டில் மாமா வீட்டுக்குப் போகும்போது மட்டும் கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் போய்ப் போய் வரும். அங்கே நான் போனை எடுப்பதே இல்லை. இலவசமாகவே நிறைய செய்யலாம். சந்தா கட்டினால் தொழில்களும் ஊர்களும் கூடும். நான் இரண்டு வருடம் கழித்துத்தான் கட்டினேன், அவசரமே இல்லை.

இனி கோபத்துக்கு வருகிறேன். எக்ஸ்பி எண்ணை ஏற்றுவதற்காக மட்டும் தொழிலை ஓட்டமாக முடிக்கிறவர்கள்மேல் உள்ள கோபம்; ஓடுகிறவர்கள் என்று நான் சொல்வது அவர்களைத்தான்.

விளையாட்டில் கராம்ஜா என்கிற தீவில் ஒரு படகுத்துறை இருக்கிறது. போர்ட் சாரிமிலிருந்து 30 காசு கொடுத்துக் கப்பலில் போக வேண்டும். மீன்பிடியில் 40 லெவல் வந்தவர்கள் கூடை வைத்துச் சிங்கி இறால் பிடிக்கிற இடம். ஒன்றுக்கு 90 எக்ஸ்பி. பெரிய மீனான சுறாவுக்கு 76 லெவல் வேண்டும். சிங்கி இறாலை மட்டும் நம்பினால் அதுவரை 14,400-க்கு மேல் பிடிக்க வேண்டும். பையில் மொத்தம் 28 இடம்தான். நிறைந்ததும் மறுபடி கப்பலேறி, கரையில் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இந்தப் போக்குவரத்தில்தான் ஆட்கள் பழக்கமானார்கள். பிலிப்பைன்ஸிலிருந்து ஒருவர், பிரேசிலிலிருந்து ஒரு கல்லூரிப் பெண். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் கொலுசு என்றால் என்ன என்று அந்தப் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் விளக்கியிருக்கிறேன்.

அந்தத் துறைக்கு ஒரு நாள் ஒருவர் வந்தார். என் பக்கத்தில் நின்று, "இதுல ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு எக்ஸ்பி வரும்னு தெரியுமா? எதுக்கு டைமை வேஸ்ட் பண்றீங்க?" என்று கேட்டார். வணக்கம்கூட இல்லை. நான் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. பதில் டைப் செய்து முடிப்பதற்குள் ஆள் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வேஸ்ட் என்கிற சொல்லை எத்தனை பேர் வாயில் கேட்டுவிட்டேன் என்று கணக்கில்லை. எக்ஸ்பி வேஸ்ட் என்றே ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். நின்று பேசினால் வேஸ்ட், கப்பலேறினால் வேஸ்ட், மீனைச் சேர்த்து வைத்தால் வேஸ்ட்.

அவர்கள் வேலை செய்கிற விதத்தை ஒரு தடவை ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். இந்த விளையாட்டு 0.6 விநாடிக்கு ஒரு முறை கணக்குப் பார்க்கிறது, அதை டிக் என்பார்கள். குவாம் இலையையும் தாரையும் இடிப்பதுபோல் ஒரு தட்டு, உடனே மீன்மேல் ஒரு தட்டு. மூன்று டிக்குக்கு ஒரு தடவை இப்படி மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருந்தால் மீன் சாதாரண வேகத்தைவிட வேகமாக விழும். கை ஓயாது. விழுந்த மீன் பையில் தங்காது, அந்தக் கணமே தரையில் போட்டுவிடுகிறார்கள். பை நிறைந்தால் போய் வைத்துவிட்டு வர நேரம் ஆகுமே! அவர் காலடியில் மீன் விழுந்து விழுந்து கொஞ்ச நேரத்தில் மறைந்துகொண்டே இருந்தது. யாருக்கும் சாப்பாடாகாத மீன். வெள்ளித் தூசியைக் கூட்டிச் சேர்க்கிற வீட்டில் வளர்ந்த எனக்கு அதைப் பார்க்க வயிறு எரிந்தது. நிஜ மீன் இல்லை, தெரியும். வேலையின் பலனைத் தரையில் எறிந்துகொண்டே வேலை கற்றேன் என்று சொல்லும் அந்தப் பழக்கம் நிஜம்தானே.

"அவரவர் விளையாட்டு அவரவருக்கு, உனக்கென்ன நஷ்டம்?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நஷ்டம் இருக்கிறது. கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்கிற பொதுச் சந்தையில் போய்ப் பாருங்கள். கைவினை, சமையல் இரண்டிலும் பல பொருளுக்கு மூலப்பொருளின் விலை கூடுதல், செய்த பொருளின் விலை குறைவு. காரணம் எளிது. ஓடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் மூலப்பொருளை வாங்கிக் குவிப்பார்கள். பொருள் அவர்களுக்கு வேண்டாம், எக்ஸ்பிதான் வேண்டும். செய்ததை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி விலைக்கு மேல் கூலியும் சேதாரமும் சேர்த்துத்தான் கொலுசு விற்போம். இங்கே வேலை செய்தவனே வாங்குகிறவனுக்குக் கூலி கொடுக்கிற நிலை. தானே வெட்டி, தானே உருக்கி, நான்கு டியாரா விற்றுக் கரி வாங்கலாம் என்று நினைக்கிற 25 லெவல் ஆளுக்கு அங்கே இடமில்லை. அவன் செய்கிற பொருளுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. அப்படிப் போனதும் அவனும் வழிகாட்டி வீடியோவைத் தேடி ஓட ஆரம்பிக்கிறான்.

இன்னொரு நஷ்டம் என் வீட்டுக்குள்ளேயே நடந்தது. முதல் வருடம் தம்பியும் நானும் இரவு பத்து மணிக்கு மேல் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அதே துறையில் மீன் பிடிப்போம். அவன் மீனைப் பொசுக்கிவிட்டால் நான் திட்டுவேன். சிங்கி இறால் பொசுங்காமல் வருவதற்குச் சமையலில் 74 லெவல் ஆகும், அதுவரை பொசுங்கியதெல்லாம் பேச்சுக்கு ஆகும். சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததை அவன் முதலில் சொன்னது அந்தத் துறையில் நின்றுகொண்டுதான். நேரில் சொல்ல முடியாததை மீன் பிடிக்கிற நேரத்தில் சொல்லிவிட்டான்.

அப்புறம் அவனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. அங்கே கூட இருந்தவர்களும் விளையாடுகிறவர்கள், எல்லாரும் ஓடுகிறவர்கள். தம்பி எக்செல்லில் அட்டவணை போட்டான். மணிக்கு இவ்வளவு எக்ஸ்பி, இந்தத் தேதிக்கு இந்த 99. 2020 ஊரடங்கில் ஐந்து தொழிலில் 99 எடுத்தான். ஒவ்வொன்றுக்கும் 99,000 காசு கொடுத்து, 99 எட்டியவர்களுக்கென்று விற்கிற மேலங்கியை வாங்கி மாட்டிக்கொண்டு வந்து காட்டினான். சந்தோஷமாகத்தான் வாழ்த்தினேன். "வாடா, கராம்ஜாவுக்குப் போலாம்" என்று கூப்பிட்டால், "அங்க எனக்கு எக்ஸ்பி ஒண்ணும் வராதுண்ணா" என்பான். அடுத்த வருடம் விட்டுவிட்டான். "முடிச்சிட்டேன் அண்ணா, இனி அதுல என்ன இருக்கு?" என்றான். என் கோபம் அவன்மேல் இல்லை. நின்று பேசிக்கொண்டிருந்த பையனுக்கு நிற்பது வேஸ்ட் என்று சொல்லிக் கொடுத்தவர்கள்மேல்தான்.

எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஷிப்ட் வேலை முடிந்து அரை மணி நேரம் மட்டும் கிடைக்கிறவர்கள் உண்டு. நண்பர்கள் கூடப் பெரிய சண்டைக்குப் போக ஒரு லெவல் குறைகிறது, அதனால் வேகமாக ஏற்றினேன் என்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது, போகிறார்கள். எந்த இடத்துக்கும் போகாமல், எண்ணை மட்டும் ஏற்றி, ஏற்றாதவனை முட்டாளாகப் பார்ப்பவர்களைத்தான் சொல்கிறேன்.

ஏற்காட்டில் மாமா காப்பி எஸ்டேட்டில் மேஸ்திரி. சில்வர் ஓக் நிழலில், அதிலேயே மிளகுக் கொடி ஏறியிருக்க, அடியில் காப்பிச் செடி. பழம் எடுக்கிற காலத்தில் சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும், பச்சையை விட்டுவிட்டு மறுபடி அதே செடிக்கு வர வேண்டும். புதிதாக வந்தவர்கள் சிலர் கூடை நிறைய வேண்டும் என்று கிளையை ஒரே உருவாக உருவிவிடுவார்கள். மாமா கத்தமாட்டார். கூடையைத் தரையில் கொட்டி, பச்சை ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம் என்று அவர்களையே பிரிக்கச் சொல்லுவார். பாதிக்கு மேல் பச்சையாக இருக்கும். விளையாட்டில் அப்படிக் கொட்டிக் காட்ட ஒரு மேஸ்திரி இல்லை.

ஆனால் விளையாட்டை நடத்துகிறவர்களுக்கும் இந்தக் குறை தெரிந்திருக்க வேண்டும். 2023 ஜூனில் ஃபாரஸ்ட்ரி என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அதற்குமுன் ஒரு மரத்தில் இரண்டு பேர் வெட்டினால் ஒருவருக்கொருவர் இடைஞ்சல். இப்போது ஒரே மரத்தைக் கூட்டமாக வெட்டினால் எல்லாருக்கும் கொஞ்சம் ஊக்கம் கிடைக்கும். வந்த புதிதில் டிரேனர் ஊரின் வில்லோ மரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் நிற்பதைப் பார்த்தபோது எனக்கு 2018 திரும்பி வந்ததுபோல் இருந்தது. ஏழு வருடத்தில் எனக்குப் பிடித்த மாற்றம் அதுதான்.

புதிதாக வருகிறவர்களுக்கு என் அனுபவத்தில் உதவியவை: திரையில் எக்ஸ்பி எண் ஏறுவதைக் காட்டுகிற வசதியை அணைத்துவிடுங்கள், நான் அணைத்து நான்கு வருடம் ஆகிறது, மனசு லேசாக இருக்கிறது. சந்தை விலை எரிச்சலூட்டினால் 2014-இல் வந்த ஐயன்மேன் முறையில் இரண்டாவது கணக்குத் தொடங்குங்கள். அதில் மற்ற ஆட்டக்காரர் யாரிடமும் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது, எல்லாம் உங்கள் கையால்தான். செய்கிற டியாராவுக்கு அங்கே மறுபடி மதிப்பு வரும். கூட்டம் குறைந்த உலகத்தை (சர்வரை அப்படித்தான் சொல்வார்கள்) தேர்ந்தெடுங்கள். வழிகாட்டி வீடியோக்களை முதல் ஆறு மாதம் பார்க்காதீர்கள்.

என் மீன்பிடி இப்போது 83. இன்னும் சிங்கி இறால்தான் பிடிக்கிறேன். நண்பர்கள் பட்டியலில் தம்பி பெயர் நான்கு வருடமாகச் சிவப்பில் இருக்கிறது, ஆள் உள்ளே இல்லை என்று அர்த்தம். அதை எடுக்க மனம் வரவில்லை. போன வாரம் துறையில் 41 லெவலில் ஒரு புது ஆள் வந்து, கூடையை எங்கே வாங்குவது என்று கேட்டார். என்னிடம் கூடுதலாக ஒன்று இருந்தது, கொடுத்தேன். எந்த ஊர் என்று கேட்டால் தர்மபுரி என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரவு ஒன்பதரைக்கு மேல் இரண்டு பேரும் அங்கேதான் இருப்போம். வருகிறவர்கள் கப்பலுக்கு 30 காசு மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் போதும், கூடை நான் வைத்திருக்கிறேன்.