சிறிய சரக்கு விமானச் சார்ட்டர்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரியவருபவை

தீவுகள், சுரங்கப் பகுதிகள், சாலை சரியாக எட்டாத ஊர்கள் என்று பிராந்திய சரக்கு விமானங்களைச் சார்ட்டர் செய்து, அதாவது முழு விமானத்தையும் வாடகைக்கு எடுத்து, தொடர்ந்து சரக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒன்று சீக்கிரமே பிடிபட்டுவிடும்: கையேட்டில் அச்சிட்டிருக்கும் டன் கணக்கு வேறு, நம் சரக்குக்குக் கிடைக்கும் டன் கணக்கு வேறு. சேவையில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். சரியாகத் திட்டமிட்டால் இதைப்போல நம்பகமான வழி வேறில்லை. நடுவில் கிடங்கு மாறாமல், காலையில் ஏற்றிய பெட்டி மதியம் கையில் கிடைக்கும்.

இந்த விமானங்களின் அளவுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1977-இல் சரக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்படும் வரை, சிறு நிறுவனங்கள் தாராளமாகப் பறக்க 7,500 பவுண்டு சுமை என்ற வரம்பு இருந்தது. 1973 ஏப்ரல் 17 அன்று மெம்ஃபிஸிலிருந்து தொடங்கிய ஃபெடரல் எக்ஸ்பிரஸ், சிறிய ஃபால்கன் 20 ஜெட்களை வைத்து ஓட்டியது அதனால்தான். பிறகு சிற்றூர்ப் பார்சல்களை மையத்துக்குக் கொண்டுவர அது செஸ்னா காரவானுக்குப் போனது. 1982-இல் முதலில் பறந்த அந்த ஒற்றை எஞ்சின் விமானத்தின் நீட்டிக்கப்பட்ட 208பி வடிவம் அந்தத் தேவைக்காகவே வந்தது. இன்றும் ஒரு டன்னை ஒட்டிய சரக்குக்குப் பல இடங்களில் கிடைப்பது அதுதான்.

அந்த 208பி-யையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். அதிகபட்ச புறப்பாட்டு எடை 3,969 கிலோ. அடியில் சரக்குப் பெட்டி பொருத்திய விமானத்தின் வெற்று எடை சுமார் 2,100 கிலோ. இரண்டு விமானிகள் 180 கிலோ. மீதி 1,690 கிலோவைச் சரக்கும் எரிபொருளும் பங்குபோட வேண்டும். மணிக்கு ஏறக்குறைய 180 கிலோ எரிபொருள் செலவாகும். இரண்டு மணி நேரப் பறத்தலுக்கு 360, மாற்று விமான நிலையத்துக்கும் கையிருப்புக்கும் சேர்த்து 270 என்று வைத்தால், சரக்குக்கு மிஞ்சுவது 1,060 கிலோ. இது போகும் இடத்தில் விமான எரிபொருளான ஜெட் ஏ-1 கிடைக்கும் என்றால். கிடைக்காவிட்டால் திரும்பி வரவும் இங்கிருந்தே நிரப்பிக்கொண்டு போக வேண்டும். சரக்கு 700 கிலோவுக்கு இறங்கிவிடும். ரன்வே குட்டையாகவோ உயரமான இடத்திலோ இருந்து, வெயிலும் கொளுத்தினால் இன்னும் குறையும். அதனால் கொட்டேஷன் கேட்கும்போது “எத்தனை கிலோ ஏற்றலாம்” என்று மட்டும் கேட்டால் பயனில்லை. எந்த ஊருக்கு, எந்த நேரத்தில், எங்கே எரிபொருள் நிரப்பி என்று சேர்த்துக் கேட்க வேண்டும். அதிகாலைப் புறப்பாட்டுக்கும் உச்சிவெயில் புறப்பாட்டுக்கும் தனித்தனி எண் தருகிற நிறுவனத்தைத் தாராளமாக நம்பலாம்.

அடுத்தது கதவு. காரவானின் சரக்குக் கதவு சுமார் 124 சென்டிமீட்டர் அகலம், 127 உயரம். 120 சென்டிமீட்டர் உயரப் பெட்டி தனியாக நுழையும். 14 சென்டிமீட்டர் உயரப் பேலட்டில் (அடியில் வைக்கும் மரத் தட்டில்) உட்கார்த்தினால் நுழையாது. ஃபோர்க்லிஃப்ட் கரங்களில் பெட்டி தொங்கிக்கொண்டிருக்க, ஆணிகளைப் பிடுங்கிப் பேலட்டைக் கழற்றும் காட்சி இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது. நுழைந்த பின்னும் பெட்டி திரும்ப இடம் வேண்டும். நீளமான குழாய்கள், தண்டுகளுக்கு நிறுவனத்திடம் உள்ள நீள-அகல-உயர அட்டவணையை முன்கூட்டியே வாங்கிப் பாருங்கள். அடிப்பெட்டி சுமார் 3 கன மீட்டர் கொள்ளும், ஆனால் தாழ்வானது. பைகளும் சிறு பெட்டிகளும்தான் அதற்குச் சரி.

கதவு பின்பக்கம் இருப்பதால், கனமான பெட்டி முதலில் வால்பக்கமாக ஏறி உள்ளே முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்தச் சில நிமிடங்களில் மூக்குச் சக்கரம் தூக்கிக்கொண்டு வால் தரையில் உட்காரும் அபாயம் உண்டு. வாலுக்கு முட்டுத்தடி வைக்காமல் ஏற்ற ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்லத் தயங்க வேண்டாம்.

அதிகம் பேசப்படாத விஷயம் தரையின் தாங்குதிறன். காரவானில் சதுர அடிக்கு 200 பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்கு சுமார் 976 கிலோ. 300 கிலோ ஜெனரேட்டர் ஒன்று, 10 சென்டிமீட்டர் அகலமும் 80 சென்டிமீட்டர் நீளமும் உள்ள இரண்டு கட்டைகள் மேல் நிற்கிறது என்றால், தரையில் விழும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 1,875 கிலோ. அடியில் பெரிய பிளைவுட் ஒன்றைப் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பலகையின் தடிமன் எவ்வளவோ, ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான் சுமை பரவும். 2.5 சென்டிமீட்டர் பலகை போட்டால் 1,176 கிலோ, இன்னும் அதிகம்தான். 5 சென்டிமீட்டர் பலகை போட்டால் 833-க்கு இறங்கும். பலகையின் எடையும் சரக்குக் கணக்கில் சேரும் என்பதை மறக்கக் கூடாது.

சரக்கு ஒரு டன்னை நன்றாகத் தாண்டினால் வேறு விமானம் பார்ப்பதே நல்லது. 2022-இல் சான்றிதழ் பெற்ற செஸ்னா ஸ்கைகூரியர் சுமார் 2,700 கிலோ சுமக்கும். விமானங்களுக்கென உள்ள நிலையான அளவுக் கன்டெய்னரான எல்டி3 மூன்றை அப்படியே ஏற்றலாம். ஏடிஆர் 72-600 சரக்கு வடிவம் 9 டன் அளவுக்குத் தூக்கும். அதன் பெரிய கதவு சுமார் 2.9 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம். ஆனால் பயணிகள் விமானமாக இருந்து மாற்றப்பட்ட பழைய ஏடிஆர்கள் எல்லாவற்றிலும் அந்தக் கதவு கிடையாது. மாடல் பெயரோடு நின்றுவிடாமல், வரப்போகும் விமானத்தின் பதிவு எண்ணைக் கேட்டுக் கதவளவை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பணம் எங்கே எகிறும்? முதலாவது காலிப் பறத்தல். விமானம் உங்கள் ஊருக்கு வரவும், இறக்கிவிட்டுத் தன் தளத்துக்குத் திரும்பவும் ஆகும் மணிகள் உங்கள் கணக்கில்தான். தளம் பக்கத்தில் உள்ள நிறுவனத்தின் மணிக்கட்டணம் கூடுதலாக இருந்தாலும் மொத்தத்தில் மலிவாகலாம். இரண்டாவது விமானிகளின் பணிநேரம். சார்ட்டர் விமானங்களுக்கான அமெரிக்க பார்ட் 135 விதிகளில் வழக்கமான பணிநேரம் 14 மணி. அதற்குள் பறப்பது ஒரு விமானி என்றால் 8 மணி, இருவர் என்றால் 10. மற்ற நாடுகளிலும் இதுபோன்ற வரம்பு உண்டு. லாரி மூன்று மணி நேரம் தாமதமானால் அந்த மூன்று மணியும் இதிலிருந்து கழியும். பிறகு இரவுத் தங்கல், பார்க்கிங், மறுநாள் கட்டணம் என்று பில் நீளும். காலி மணி, தரையிறங்கும் கட்டணம், நேரங்கடந்து விமான நிலையம் திறந்துவைக்கும் கட்டணம், ரத்துக் கட்டணம் எல்லாம் தனித்தனி வரியாக உள்ள கொட்டேஷனே நேர்மையானது.

ப்ரோக்கர் வழியாகப் போனால் உண்மையில் ஓட்டப்போவது யார் என்று எழுத்தில் கேளுங்கள். விமானம் இயக்குவதற்கான சான்றிதழும் காப்பீடும் அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். வரப்போகும் விமானத்தின் பதிவு எண் அவற்றில் இடம்பெற வேண்டும். ஒரே ஒரு விமானம் வைத்திருக்கும் நிறுவனம் என்றால், அது பழுதாகி நின்றால் மாற்று என்ன என்ற கேள்விக்குப் பதில் வாங்காமல் முன்பணம் தர வேண்டாம்.

ஆபத்தான பொருள்களில் அடிக்கடி சிக்குவது தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயன் பேட்டரி; ஆபத்தான பொருள்களுக்கான ஐ.நா. எண் வரிசையில் யுஎன் 3480. 2016 ஏப்ரல் முதல் இது பயணிகள் விமானத்தில் சரக்காகப் போகக் கூடாது. சரக்கு விமானத்திலும் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சரக்கோடு துணைக்குப் போகும் டெக்னீஷியன் விதிப்படி பயணியாகக் கணக்கில் வரமாட்டார். “இடம் இருக்கிறதே” என்று சம்பந்தமில்லாத ஒருவரை ஏற்றினால் விமானம் பயணிகள் விமானமாகிவிடும். பேட்டரி இறங்க வேண்டியதுதான். உலர்பனி (டிரை ஐஸ்) எவ்வளவு கிலோ என்பதைப் பெட்டியில் எழுதி விமானிக்கும் சொல்ல வேண்டும். அது ஆவியாகி வரும் கார்பன் டை ஆக்சைடு சிறிய கேபினில் சீக்கிரம் சேரும்.

சேதம் ஏற்பட்டால், சர்வதேசப் பயணத்துக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி இழப்பீட்டு வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). 40 கிலோ கருவி எத்தனை விலை உயர்ந்ததானாலும் 1,040 எஸ்டிஆருக்கு மேல் வராது. புறப்படும் முன்பே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டியிருந்தால் மட்டும் அந்த வரம்பு உயரும். சேதப் புகார் சரக்கைப் பெற்ற 14 நாளுக்குள், தாமதப் புகார் 21 நாளுக்குள் எழுத்தில் அனுப்பப்பட வேண்டும். பெட்டி நசுங்கியிருப்பதைக் கண்டால், கையெழுத்திடும் முன்பே ரசீதில் அதை எழுதிப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.