காசநோயிலிருந்து மீண்டவர்களுக்கான பேச்சுப் பயிற்சி, காரைக்குடி: போய் வந்தேன்

காசநோய் குணமானவர்கள் தங்கள் அனுபவத்தை மேடையிலும் அதிகாரிகள் முன்னாலும் எப்படிச் சொல்வது என்று பழக்கும் ஒருநாள் பயிற்சி போன மாதம் காரைக்குடியில் நடந்தது. இலவசம்தான். அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கு இன்னும் நிதி ஒதுக்குங்கள் என்று கேட்பவர்கள், அந்த ஆராய்ச்சியால் பிழைத்தவர்களாகவே இருக்கட்டும் என்பது யோசனை. ஆறு மாத மாத்திரையை முடித்து ஒரு வருஷம் ஆன நான் தயங்கித் தயங்கித்தான் போனேன். நீங்களும் போங்கள், ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள், அதைக் கீழே சொல்கிறேன்.

பழைய வீடு ஒன்றின் வளவில், ஆத்தங்குடிக் கல் தரையில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் கொடுத்தார்கள், சூடாகவே இருந்தது. பயிற்சி கொடுத்த அம்மா எடுத்ததும் கேட்டார், "உங்க மாத்திரை எங்கேருந்து வந்துச்சு?" ஜிஎச்லேருந்து என்றோம். "அதுக்கு முன்னாடி?" யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம்தான் சென்னை சேத்துப்பட்டு நிலையத்தைப் பற்றிச் சொன்னார். 1956ல் தொடங்கியது, இப்போது ஐசிஎம்ஆரின், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின், தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அன்றைக்கு மெட்ராஸில் 193 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு சானடோரியம் என்ற, காசநோயாளிகளைத் தங்க வைக்கும் ஆஸ்பத்திரியிலும் மீதிப் பேருக்கு வீட்டிலேயே வைத்தும் ஒரு வருஷம் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள், அவர்களோடு இருந்தவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. எங்கள் அப்பத்தாவின் தம்பியை அந்தக் காலத்தில் தாம்பரம் சானடோரியத்துக்கு அனுப்பி, மாசக்கணக்கில் யாரும் முகம் பார்க்கவில்லை. நான் மட்டும் என் பிள்ளைகள் பக்கத்திலேயே படுத்திருந்து எப்படிக் குணமானேன் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆச்சியை என்னால் மறக்க முடியவில்லை. மஞ்சள் பையிலிருந்து ஓர் எவர்சில்வர் தட்டை எடுத்தார். கல்யாணச் சீரில் வந்தது, விளிம்பில் பேர் வெட்டியிருந்தது. பேருக்குப் பக்கத்தில் ஆணியால் கீறிய ஒரு கோடு, மற்ற தட்டுகளோடு கலந்துவிடக் கூடாதென்று வீட்டில் போட்ட அடையாளம். குணமாகி நாலு வருஷம் ஆகிறது, பேசும்போது இன்னமும் முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறார். "இப்பத்தான் ஒட்டாதே ஆச்சி, எடுங்களேன்" என்றேன். "பழகிப்போச்சு ஆத்தா" என்றார்.

ஆளுக்கு மூன்று நிமிஷம். இருமலுக்கு ஒரு கிளினிக்கில் இரண்டு மாசம் டானிக் மட்டும் குடித்துக்கொண்டிருந்ததை, சளிப் பரிசோதனை என்ற பேச்சே அங்கே வராததை நான் சொன்னேன். கோபத்தில் இழுத்துக்கொண்டே போனேன், அந்த அம்மா பொறுமையாக நிறுத்தி, "சரி, உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டு முடிங்க" என்றார். பயிற்சியிலேயே உருப்படியான பாடம் இதுதான். எனக்கு வேண்டியது சாப்பாட்டைப் பற்றிய ஆராய்ச்சி. ஜார்க்கண்டில் ஐசிஎம்ஆர் நிதியில் நடந்து 2023ல் வெளிவந்த ஆய்வில், நோயாளி வீட்டில் இருப்பவர்களுக்கு மாசாமாசம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்ததும் அவர்களுக்கு நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்திருக்கிறது. நோயாளிக்கு அரசு கொடுக்கும் சத்துணவுப் பணம் 2024 நவம்பரிலிருந்து மாதம் 500லிருந்து 1000 ரூபாய் ஆகியிருக்கிறது. மாத்திரை முடிந்த பிறகும் உடம்பு தேற எவ்வளவு நாள் சாப்பாட்டு உதவி வேண்டும் என்று யாராவது பார்த்துச் சொல்லட்டும், அதைத்தான் கேட்டேன்.

இப்போது அந்தக் கவனம். சம்மதப் பத்திரம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது, பாதிப் பேர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். வீடியோ எடுத்த பையன் ஆச்சியிடம், "அந்தத் தட்டுக் கதையைச் சொல்லி இன்னொரு தடவை அழுங்க" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை, போய்ச் சொன்னேன். அந்த அம்மா உடனே கேமராவை நிறுத்தச் சொல்லி, ஆச்சியிடம் மன்னிப்பும் கேட்டார். அதனால் தமிழில் பத்திரம் கேளுங்கள், படம் எங்கே போகும் என்று கேளுங்கள், பின்னால் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்களா என்றும் கேளுங்கள்.

அடுத்தது தேவகோட்டையிலாம். தட்டைக் கொண்டுவரவா வேண்டாமா என்று ஆச்சி நேற்றுப் போன் போட்டுக் கேட்டார். உங்க இஷ்டம் ஆச்சி என்றேன்.