கம்பெனி பேரில் லீசுக்கு எடுத்த மின்சாரக் கார்: இன்சூரன்ஸ் யார் பேரில்?

ஒரு சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி. டைரக்டர் ஓட்டுவதற்கு ஒரு மின்சாரக் கார், அதுவும் லீசில். இதற்கு இன்சூரன்ஸ் எடுக்க மூன்று வழி உண்டு. லீஸ் கம்பெனியே மாத வாடகைக்குள் சேர்த்துப் போட்டுத் தருவது முதல் வழி. ஆர்சி உங்கள் கம்பெனி பேரில் இருக்க, பாலிசியையும் நீங்களே எடுப்பது இரண்டாவது. கம்பெனியை இதில் இழுக்காமல், டைரக்டர் தன் சொந்தப் பேரில் கார் வைத்துக்கொண்டு, ஆபீஸ் வேலைக்கு ஓடிய கிலோமீட்டருக்கு மட்டும் கம்பெனியிடம் பணம் வாங்கிக்கொள்வது மூன்றாவது. மூன்று கொட்டேஷனையும் கையில் வைத்துக்கொண்டு பிரீமியத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

பிரீமியத்தில் ஒரு பகுதி எப்படியும் மாறாது. தேர்டு பார்ட்டி கட்டணம் அரசு நிர்ணயிப்பது. 2022 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த பட்டியல்படி, மோட்டார் 30 கிலோவாட் வரை என்றால் ஆண்டுக்கு ₹1,780, 65 வரை ₹2,904, அதற்கு மேல் ₹6,712. பெட்ரோல் காரைவிட இது 15% குறைவு. புதுக் காருக்கு மூன்று ஆண்டுக்கும் சேர்த்து முதலிலேயே கட்ட வேண்டும்: ₹5,543, ₹9,044, ₹20,907. பேட்டரி அளவை மோட்டார் சக்தியாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. நெக்ஸான் இவி 45 என்பதில் உள்ள 45 பேட்டரியின் அளவு. மோட்டார் 100 கிலோவாட்டைத் தாண்டும், எனவே கடைசி ஸ்லாப். டியாகோ இவி நடு ஸ்லாபில் வரும். பிரீமியத்தின் மேல் 18% ஜிஎஸ்டி உண்டு. இந்த வகைக் காருக்கு அதை இன்புட் கிரெடிட்டாக (கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது; ஜிஎஸ்டி சட்டம் 17(5) தடுக்கிறது. ஆடிட்டர் எடுத்துத் தருவார் என்று பட்ஜெட் போடாதீர்கள்.

லீஸ் கம்பெனி போடும் பாலிசி

ஆர்சியும் பாலிசியும் அவர்கள் பேரில். ரினியூவல் தேதி மறந்துபோகும் கவலை இல்லை, அலைச்சல் இல்லை. ஆனால் கிளெய்ம் ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் இன்சூர்டு, அதாவது லீஸ் கம்பெனியின் அதிகாரி. அவர் வேறு ஊரில் இருந்தால் உங்கள் கார் ஒர்க்‌ஷாப்பில் காத்துக்கிடக்கும். கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் அவர்களுக்கே. முக்கியமாக, எந்த ஆட்-ஆன் (கூடுதல் காப்பு) இருக்கிறது, எது இல்லை என்பதை முடிவு செய்தவர் நீங்கள் அல்ல. ஒப்பந்தத்தில் ‘முழு இன்சூரன்ஸ் உட்பட’ என்று இருந்தால் நம்பிவிடாமல், கையெழுத்துக்கு முன் பாலிசி ஷெட்யூலின் (காப்பு விவரங்கள் உள்ள பக்கம்) நகலைக் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே பதில்.

கம்பெனி பேரில் நீங்களே எடுப்பது

இதில்தான் கட்டுப்பாடு அதிகம், தவறு செய்யும் இடமும் அதிகம். ஷெட்யூலில் மூன்று வரிகளைப் பாருங்கள். இன்சூர்டு பெயர் ஆர்சியில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கம்பெனிக்குப் பதிலாக டைரக்டர் பெயரைப் போட்டுவிடும் ஏஜென்ட்டுகள் உண்டு. லீஸ் ஒப்பந்தத்துக்கான எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு இணைக்கும் கூடுதல் நிபந்தனை) இருக்க வேண்டும்; ஐஎம்டி 6 என்பது அதன் எண். கடன் அடமானத்துக்கான (ஹைப்பாத்திகேஷன்) ஐஎம்டி 7 போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். சம்பள டிரைவர் இருந்தால் ஐஎம்டி 28, ஊழியர்கள் காரில் பயணிப்பார்கள் என்றால் ஐஎம்டி 29. பழைய டாரிஃபில் ஆளுக்கு ₹50தான். இதில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

பலருக்கும் தெரியாத ஓட்டை ஒன்று இங்கே இருக்கிறது. ஓனர்-டிரைவருக்கான ₹15 லட்சம் கட்டாய விபத்துக் காப்பு, ஓனர் ஒரு கம்பெனி என்றால் கிடையாது. கம்பெனி கார் ஓட்டாது என்பதுதான் தர்க்கம். விளைவு: ஸ்டியரிங்கில் உட்காரும் டைரக்டருக்குக் காப்பு இல்லை. பெயர் குறிப்பிட்ட நபருக்கான ஐஎம்டி 15 சேர்க்கலாம். அதைவிட, தனியாக ஒரு விபத்துக் காப்பு பாலிசி எடுப்பது மேல். முதல் வழியிலும் இதே ஓட்டைதான்.

பேட்டரிக் கணக்கு

வழி எதுவானாலும் பணம் போகும் இடம் இது. சாதாரண பாலிசியில் பாகம் மாற்றும்போது ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50% தேய்மானம் கழிப்பார்கள். இந்த விதி எழுதப்பட்டபோது பேட்டரி என்றால் பானெட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் டப்பா. இன்று காருக்கு அடியில் தரை முழுக்கப் பரந்து கிடக்கும் பேக்குக்கும் அதே வரியைக் காட்டினால், ₹6 லட்சம் பேக்கில் ₹3 லட்சம் உங்கள் தலையில். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன்) எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அதன் வாசகத்தில் டிராக்‌ஷன் பேட்டரி (காரை ஓட்டும் அந்தப் பெரிய பேக்) சேர்ந்திருக்கிறதா, ஆண்டுக்கு எத்தனை கிளெய்ம் என்று பார்த்து, விலக்கியிருந்தால் பேட்டரிக்கான தனி ஆட்-ஆனையும் சேருங்கள்.

உயரமான வேகத்தடையில் அடிப்பாகம் மோதுகிறது. பேட்டரி உறை சற்றே நசுங்கி, டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ‘வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று 20 கிலோமீட்டர் ஓட்டினால், அதன்பின் ஏற்படும் சேதத்தை ‘தொடர் விளைவு’ என்று சர்வேயர் ஒதுக்கிவிடுவார். மோதிய இடத்திலேயே நிறுத்துங்கள், படம் எடுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள், பிளாட்பெட் வண்டியில் ஏற்றுங்கள். சாதாரண பாலிசியில் டோ செலவுக்கு ₹1,500 வரைதான். ரோட்சைட் அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் இதற்காகவே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் ஆனதுபோல் கார் தண்ணீரில் மூழ்கினாலும் இதேதான்: ஆன் செய்யாதீர்கள், சார்ஜரைச் செருகாதீர்கள், தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

பேட்டரி விலை அதிகம் என்பதால் பழுதுச் செலவு ஐடிவியின் (பாலிசியில் காருக்குக் குறித்திருக்கும் மதிப்பு) 75%-ஐச் சுலபமாகத் தாண்டிவிடும். தாண்டினால் டோட்டல் லாஸ். ₹15 லட்சம் காருக்கு ஓராண்டு கடந்தபின் ஐடிவி 20% குறைந்து ₹12 லட்சம். லீசை முன்கூட்டி முடிக்க லீஸ் கம்பெனி கேட்கும் தொகை ₹13.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் பணம் முதலில் அவர்களுக்குப் போகும், மீதி ₹1.5 லட்சத்தை, காரும் இல்லாமல், உங்கள் கம்பெனி கட்டும். ஐடிவிக்குப் பதில் காரின் பில் விலையைத் தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் ஆட்-ஆன் இந்த இடைவெளியை அடைக்கத்தான். சொந்தக் காருக்கு அது ஆடம்பரம் என்று விடலாம், லீஸ் காருக்கு விடக்கூடாது.

டைரக்டர் சொந்தப் பேரில்

₹15 லட்சம் காப்பு கிடைக்கும். பழைய காரில் சேர்த்த 50% வரையிலான நோ கிளெய்ம் போனஸையும் மூன்று ஆண்டுக்குள் கொண்டுவரலாம். கம்பெனி பாலிசிக்கு அதை மாற்ற முடியாது, ஏனென்றால் போனஸ் ஆளோடு போவது, காரோடு அல்ல. வாடிக்கையாளரைப் பார்க்கப் போவது பாலிசிக்கு விரோதமும் அல்ல. வாடகைக்கு விடுவது, சாம்பிள் தவிர்த்த சரக்கு ஏற்றுவது போன்றவைதான் விலக்கு. அதனால்தான் கிலோமீட்டர் கணக்கில் பணம் வாங்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மாத வாடகை ஒப்பந்தம் எழுதி சொந்த உபயோகத்துக்கான (பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து) காரைத் தன் கம்பெனிக்கே விட்டால், கிளெய்மை மறுக்க இன்சூரன்ஸ்காரர் கையில் நாமே காரணம் கொடுத்ததாகும்.

எங்கள் கணிப்பு: ஆபீசில் காகித வேலை பார்க்க ஒருவர் இருந்தால் இரண்டாவது வழி. டைரக்டர் ஒருவரே எல்லாம் என்றால், ஷெட்யூல் நகலைக் கொடுக்கும் லீஸ் கம்பெனியிடம் முதல் வழி. மூன்றாவது, போனஸ் 50% எட்டியவர்களுக்கு.

லீஸ் முடிந்து காரை நீங்களே வாங்கிக்கொண்டால், கார் உங்கள் பேருக்கு மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்ற விண்ணப்பியுங்கள். தேர்டு பார்ட்டிப் பகுதி சட்டப்படி தானாக உங்களிடம் வரும். ஓன் டேமேஜ், அதாவது உங்கள் காரின் சேதத்துக்கான காப்பு, வராது. பழைய பேரில் கிடக்கும் பாலிசியை வைத்து பம்பருக்குக்கூட கிளெய்ம் கேட்க முடியாது.