தேற்றான் என்று சொல்லி எட்டியைக் கொடுக்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஊருணிக் கரையில் மரம் வைக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கன்று வாங்குங்கள்.

ஊருணியைத் தூர்வாரியதும் கரையில் தேற்றான் வைப்பது என்று எங்கள் ஊரில் முடிவானது. வறட்சியைத் தாங்கும் மரம். தவிர, ஒரு மழை பெய்தால் செம்மண் கரைந்து ஊருணித் தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். தேற்றான்கொட்டையைக் கல்லில் உரைத்துப் பானைத் தண்ணீரில் கலக்கினால், மிதக்கும் மண் ஒன்றுசேர்ந்து அடியில் படிந்துவிடும். அப்பத்தா காலத்தில் குடிதண்ணீரை இப்படித்தான் தெளிய வைத்தார்கள். உடல் தேற, மூலத்துக்கு என்று லேகியமும் செய்வார்கள்.

ஒரு நர்சரியில் கன்றுகளும் கொஞ்சம் கொட்டையும் வாங்கினோம். பொட்டலத்தைப் பிரித்ததுமே அப்பத்தா, "ஐயா, இது எட்டிக்கொட்டை. பானைப் பக்கமே கொண்டுபோகாத" என்றார். சித்த மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். அவரும் எட்டி என்றே சொன்னார்.

திருப்பிக் கொடுக்கப் போனால், "ரெண்டும் ஒரே குடும்பம்தான் சார், எல்லாம் மருந்துதானே" என்கிறார் விற்றவர்! ஒரே குடும்பம்தான், சரி. ஆனால் எட்டிக்கொட்டையில் இருப்பது ஸ்டிரிக்னின். வலிப்பு வந்து, உடம்பு விறைத்து, மூச்சடைத்து உயிர் போகும். சித்த மருத்துவத்தில் முறையாகச் சுத்தி செய்த பிறகே எட்டியைத் தொடுவார்கள். அதைப் போய்க் குடிதண்ணீரில் உரைப்பதற்கு விற்கலாமா? பணமும் தரவில்லை. அதே பாத்தியிலிருந்து வேறு கன்று தருகிறேன் என்றார். அந்தப் பாத்திக் கன்றுகள் இன்னும் எத்தனை ஊருக்குப் போயிருக்குமோ என்பதுதான் பயமாக இருக்கிறது.

தேற்றான்கொட்டை சின்னதாக, கிட்டத்தட்ட உருண்டையாக இருக்கும். எட்டிக்கொட்டை பெரியது. சட்டைப் பொத்தான் போலத் தட்டையாக, சாம்பல் நிறத்தில், பட்டுப்போன்ற மயிரோடு இருக்கும். காய்த்த மரமென்றால் குழப்பமே இல்லை: தேற்றான் பழம் சிறியது, பழுத்தால் கறுக்கும், உள்ளே பெரும்பாலும் ஒரே கொட்டை. எட்டிப் பழம் ஆரஞ்சு நிறத்தில் பெரிதாக, உள்ளே பல கொட்டைகளோடு இருக்கும். கன்றாக இருக்கும்போது இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இரண்டிலும் அடியிலிருந்தே மூன்று, ஐந்து நரம்புகள் ஓடும். தாய்மரத்தையோ அதன் பழத்தையோ காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் வாங்காதீர்கள்.

கசக்கிறதா என்று யாரும் வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம். பிள்ளைகள் யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், மிச்சமிருக்கும் கொட்டையையும் ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.