ரீப்பரின் அமைவுக் கோப்புகள்: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

வீட்டு அறையில் ஒலிப்பதிவு செய்பவர்களிடையே ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளுக்கு அறிமுகம் தேவையில்லை. வின்ஆம்ப் பாடல் இயக்கியை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கலின் காக்கோஸ் நிறுவனம் 2005ஆம் ஆண்டின் இறுதியில் இதை முதன்முதலாக வெளியிட்டது. இப்போது ஏழாம் பதிப்பு புழக்கத்தில் இருக்கிறது. பல ஆண்டுகளாக என் பதிவு வேலை முழுவதும் இதில்தான் நடக்கிறது. இதன் வசதிகளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். எனவே அதிகம் பேசப்படாத ஒரு பகுதியை, அதாவது இந்த மென்பொருள் தன் அமைவுகளைச் சேமித்து வைக்கும் கோப்புகளை, மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ரீப்பரோடு நீண்ட காலம் வாழப்போகிறவர்கள் இந்தக் கோப்புகளைத் திருத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்பதைவிட, வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

விண்டோஸில் ஆப்டேட்டா கோப்புறைக்குள் ரீப்பர் என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். மேக்கில் அது லைப்ரரிக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட் என்ற இடத்திலும், லினக்ஸில் பயனரின் கான்ஃபிக் கோப்புறையிலும் அமைகிறது. தேடி அலைய வேண்டிய அவசியம் இல்லை; ஆப்ஷன்ஸ் பட்டியலிலேயே இந்தக் கோப்புறையைத் திறந்து காட்டும் கட்டளை ஒன்று உண்டு. உள்ளே இருப்பவற்றில் தலையாயது ரீப்பர் ஐ.என்.ஐ. கோப்பு. விசைப்பலகைக் குறுக்குவழிகள், பட்டியல்கள், சுட்டியின் செயல்கள், பிளகின்கள் எனப்படும் துணை நிரல்களின் விவரங்கள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோப்புகள் உள்ளன. இவை அனைத்தும் வெறும் உரைக்கோப்புகள். நோட்பேடில் திறந்தால் எல்லாம் கண்முன்னே தெரியும். ரீப்பரின் திட்டக் கோப்பும் இப்படித்தான்: சாம்பிள் வேகம் (ஒலி நொடிக்கு எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பது), தாள வேகம், டிராக் எனும் ஒலித்தடத்தின் பெயர், ஒலிக்கோப்பு இருக்கும் இடம் என எல்லாமே வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். பத்தாண்டு கழித்து ஒரு பழைய பதிவைத் திறக்க நேர்ந்தால் இந்தத் திறந்த தன்மையின் அருமை விளங்கும்.

ஆனால், திறந்து பார்ப்பதாலேயே புரிந்துவிடாது. இடப்பக்கம் ஒரு சுருக்கப் பெயர், நடுவில் சமக்குறி, வலப்பக்கம் ஓர் எண் என்று நூற்றுக்கணக்கான வரிகள் எந்த விளக்கமும் இன்றி நீள்கின்றன. இந்தப் பெயர்களுக்கான முழுமையான அகராதி எதுவும் மென்பொருளோடு வருவதில்லை. பயனர்கள் தாமாகத் தொகுத்த பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றிற்காக நான் மிகவும் நன்றியுடையவன். இருந்தாலும் எனக்கு உண்மையான தெளிவைத் தந்தது வேறொரு வழி. ரீப்பரை மூடிவிட்டு ஐ.என்.ஐ. கோப்பின் நகல் ஒன்றை எடுத்து வைக்க வேண்டும். பிறகு ரீப்பரைத் திறந்து, விருப்பத்தேர்வுகள் சாளரத்தில் ஒரே ஓர் அமைவை மட்டும் மாற்றிவிட்டு மீண்டும் மூட வேண்டும். இப்போது பழைய நகலையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டால், மாறியிருக்கும் வரி தானே வெளிப்படும். சாளரத்தின் அளவு, கடைசியாகத் திறந்த திட்டம் போன்ற தொடர்பில்லாத வரிகளும் மாறியிருக்கும் என்றாலும் அவற்றை ஒதுக்கிவிடுவது எளிது. அவசரப்படாமல் இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்பவருக்கு, சில மாதங்களில் தாம் பயன்படுத்தும் அமைவுகள் எல்லாம் கைவசமாகிவிடும்.

ரீப்பரை மூடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மென்பொருள் தொடங்கும்போது இந்தக் கோப்பை வாசித்து நினைவில் ஏற்றிக்கொள்கிறது; இயங்கும்போதும் மூடும்போதும் தன் நினைவில் இருப்பதையே திரும்பக் கோப்பில் எழுதுகிறது. ஆகவே ரீப்பர் திறந்திருக்கையில் கையால் செய்யும் திருத்தம் நிலைக்காமல் போகலாம். இயங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு மதிப்பை மாற்ற வேண்டிய தேவை உள்ளவர்கள், எஸ்.டபிள்யூ.எஸ். என்ற இலவச நீட்சியை நிறுவிக்கொண்டால், ஸ்கிரிப்ட் எனப்படும் சிறு நிரல் வழியாக இந்த மதிப்புகளைப் படிக்கவும் மாற்றவும் முடியும்.

புதியவர்களை மிகவும் குழப்புவது, ஒரே எண்ணுக்குள் பல தேர்வுகள் அடைக்கப்பட்டிருப்பதுதான். 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துச் செல்லும் எண்கள் ஒவ்வொன்றும் ஒரு தேர்வைக் குறிக்கும்; தேர்ந்தெடுக்கப்பட்டவற்றின் கூட்டுத்தொகையே கோப்பில் எழுதப்படும். ஒரு வரியில் 41 என்று இருந்தால் 32, 8, 1 ஆகிய மூன்று தேர்வுகள் இயக்கத்தில் உள்ளன என்று பொருள். வேறு எந்தக் கூட்டாலும் அந்த எண் வராது. இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு குறுக்குவழிக் கோப்பில் கிடைக்கிறது. தனியாளாக மைக்கின் முன் நின்று பாடும் ஒருவர், ஒற்றை விசையில் பதிவு தொடங்க வேண்டும் என்பதற்காக ‘ஆர்’ விசைக்குப் பதிவுக் கட்டளையைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோப்பில் ‘கீ’ என்ற சொல்லைத் தொடர்ந்து 1, 82, 1013, 0 என நான்கு எண்கள் தோன்றும். 82 என்பது ‘ஆர்’ எழுத்தின் குறியெண். 1013 என்பது பதிவைத் தொடங்கும் கட்டளையின் எண். கடைசியில் உள்ள பூச்சியம் முதன்மைச் சாளரத்தைக் குறிக்கிறது. முதலில் உள்ள 1, கூட்டு விசை எதுவும் இல்லை என்பதைக் காட்டுகிறது. ஷிஃப்ட் சேர்ந்தால் அதனுடன் 4 கூடும், கன்ட்ரோல் சேர்ந்தால் 8, ஆல்ட் சேர்ந்தால் 16. எனவே கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டும் சேரும்போது அங்கே 13 நிற்கும். இதை ஒருமுறை புரிந்துகொண்டவருக்குப் பிற கோப்புகளில் உள்ள எண்களும் மிரட்சி தராது. விசைகளில் நாம் மாற்றியவை மட்டுமே இந்தக் கோப்பில் இடம்பெறுகின்றன என்பது மற்றொரு நன்மை: நமக்கே மறந்துபோன பழைய மாற்றங்களின் முழுப் பதிவேடாக அது இருக்கிறது.

எல்லா அமைவுகளும் சம முக்கியத்துவம் உடையவை அல்ல. என் அனுபவத்தில் பதிவின் தரத்தையே தொடுபவை தாமதம் தொடர்பானவை, அவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 48,000 சாம்பிள் வேகத்தில் 128 சாம்பிள் பஃபர் (ஒலியைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் இடம்) என்பது ஏறத்தாழ 2.7 மில்லிநொடி. உள்ளே வரும் ஒலிக்கும் வெளியே செல்லும் ஒலிக்கும் இப்படி ஒரு தாமதம் உண்டு என்பதால், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் கருவியின் டிரைவர் (அதை இயக்கும் நிரல்) தன் தாமதம் எவ்வளவு என்று ரீப்பருக்குச் சொல்கிறது. ரீப்பர் அந்த அளவுக்குப் பதிவான ஒலியை முன்னால் நகர்த்தி வைக்கிறது. டிரைவர் சொல்லும் கணக்கு சரியாக இருந்தால் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. நான் முன்பு வைத்திருந்த ஓர் இன்டர்ஃபேஸின் டிரைவர் தன் தாமதத்தைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. இதைக் கண்டறியும் சோதனை எளிமையானது: இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு கேபிளை இணைத்து, தாளம் காட்டும் மெட்ரோனோமின் ‘டிக்’ ஒலியை ஒரு டிராக்கிலிருந்து ஒலிக்கச் செய்து, அதையே இன்னொரு டிராக்கில் பதிவு செய்து, இரண்டையும் சாம்பிள் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பதிவானது 96 சாம்பிள் பிந்தி நின்றால், அது 48,000 வேகத்தில் சரியாக 2 மில்லிநொடி. விருப்பத்தேர்வுகளில் பதிவுப் பகுதியில் தாமதத்தை ஈடுசெய்யும் அளவைக் கையால் தருவதற்கு இடம் இருக்கிறது. அங்கே இதைக் கொடுத்துவிட்டுச் சோதனையைத் திரும்பச் செய்தால் இரு ‘டிக்’ ஒலிகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்கும்.

இரண்டு மில்லிநொடி காதுக்குத் தனியாகத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் முதல் டிராக்கைக் கேட்டு இரண்டாவதையும், இரண்டாவதை மட்டும் கேட்டு மூன்றாவதையும் பதிவு செய்துகொண்டே போனால் பிழை அடுக்கடுக்காகக் கூடும். மிருதங்கம், கஞ்சிரா, கடம் என ஒருவரே தனித்தனியாக வாசித்துச் சேர்க்கும் பதிவில், நடை இழுப்பதாகத் தோன்றுவதற்கு வாசித்தவரைக் குறை சொல்லும் முன் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்திச் சொல்வேன்.

இதனோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது, ரீப்பர் முன்கூட்டியே ஒலியைக் கணக்கிட்டு வைக்கும் முறை. பதிவுக்குத் தயார்நிலையில் இல்லாத டிராக்குகளின் பிளகின் வேலையை ரீப்பர் இயல்பாகவே 200 மில்லிநொடி முன்னதாகச் செய்து முடித்துவிடுகிறது. அதனால் பஃபர் சிறியதாக இருந்தாலும் கணினி திணறுவதில்லை. ஒரு டிராக்கைப் பதிவுக்குத் தயாராக்கி, உள்ளே வரும் ஒலியை உடனுக்குடன் கேட்கும் கண்காணிப்பையும் இயக்கியவுடன் அந்த டிராக்குக்கு மட்டும் இந்தச் சலுகை நீங்கி, அதன் பிளகின்கள் அனைத்தும் அந்தந்த நொடியிலேயே கணக்கிடப்பட வேண்டியவை ஆகின்றன. கேட்கும்போது சீராக இருந்த திட்டம் பதிவைத் தொடங்கியதும் வெடிப்பொலி எழுப்புவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இந்த முன்கணிப்பின் நீளம் ஐ.என்.ஐ. கோப்பில் மில்லிநொடியாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதை மாற்றுவதைவிட, பதிவாகும் டிராக்கில் உள்ள கனமான பிளகின்களை அந்த நேரத்துக்கு நிறுத்தி வைப்பதே பலன் தருகிறது.

பிளகின்களின் விவரக் கோப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் எல்லாப் பிளகின்களையும் திறந்து பார்ப்பதைத் தவிர்ப்பதற்காக, ஏற்கெனவே கண்டறிந்தவற்றின் பெயர்களை ரீப்பர் இதில் குறித்து வைக்கிறது. புதிதாக நிறுவிய ஒரு பிளகின் பட்டியலில் வராமல் போனால், இந்தக் கோப்பைத் திறந்து அதன் வரியைப் பார்ப்பேன். கோப்பின் பெயர் இருந்து, எதிரே பிளகினின் பெயர் இல்லை என்றால், ரீப்பர் அதைக் கண்டும் ஏற்ற முடியாமல் விட்டுவிட்டது என்று தெரியும். அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிட்டால் அடுத்த முறை அது மட்டும் மறுபடி சோதிக்கப்படும். நூற்றுக்கணக்கான பிளகின்களை முதலிலிருந்து தேடும் காத்திருப்பு மிச்சமாகிறது.

கணினி மாற்றும்போதுதான் இந்த அறிவு முழுமையாகக் கைகொடுக்கிறது. விருப்பத்தேர்வுகளின் பொதுப் பகுதியில் அமைவுகளை ஒரே தொகுப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு. குறுக்குவழிகள், பட்டியல்கள், டிராக் வார்ப்புருக்கள் என்று எவற்றையெல்லாம் சேர்ப்பது என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். குறுக்குவழிகளையும் வார்ப்புருக்களையும் தயக்கமின்றிக் கொண்டுபோகலாம். முதன்மை ஐ.என்.ஐ. கோப்பை மட்டும் அப்படியே கொண்டுபோகக் கூடாது என்பது என் பழக்கம். அதில் பிளகின் கோப்புறை, இயல்பான பதிவுக் கோப்புறை ஆகியவற்றின் முழு முகவரிகளும், பழைய கணினியின் ஆடியோ கருவி பற்றிய அமைவுகளும் அடங்கியிருக்கின்றன. புதிய கணினியில் அந்த முகவரிகள் இருக்கப்போவதில்லை. நான் புதிய கோப்பையும் பழைய கோப்பையும் அருகருகே வைத்து, தேவையான வரிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிற பதிவுக் கூடங்களுக்குச் சென்று பதிவு செய்பவர்களுக்கு, நிறுவும்போதே ‘போர்ட்டபிள்’ முறையைத் தேர்வது நல்லது. எல்லா அமைவுகளும் நிரலோடு ஒரே கோப்புறையில் தங்கிவிடுவதால், ஒரு பென் டிரைவில் வைத்து எடுத்துச் செல்லலாம்.

விலையைப் பற்றி ஒரு சொல்: 60 நாள் சோதனைக் காலத்துக்குப் பிறகு தனிப் பயனர்களுக்கும் சிறு தொழில் செய்பவர்களுக்கும் 60 டாலர், மற்ற வணிகப் பயன்பாட்டுக்கு 225 டாலர். ஏழாம் பதிப்புக்கு வாங்கும் உரிமம் எட்டாம் பதிப்பின் இறுதிவரை செல்லும்.

அமைவுகளைச் சோதித்துப் பார்க்க விரும்பி, ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கு இடையூறு வந்துவிடுமோ என்று தயங்குபவர்களுக்கும் வழி இருக்கிறது. ரீப்பரைத் தொடங்கும் கட்டளையோடு ‘சிஎஃப்ஜிஃபைல்’ என்ற சொல்லையும் வேறொரு ஐ.என்.ஐ. கோப்பின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால், அது வழக்கமான கோப்பை விட்டுவிட்டு இந்தக் கோப்பைப் பயன்படுத்தும். நான் டெஸ்க்டாப்பில் இரண்டு குறுக்குவழிப் படவுருக்கள் வைத்திருக்கிறேன்: ஒன்று பதிவு வேலைக்கு, மற்றொன்று சோதனைக்கு. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மாறிய அமைவுகளை இரண்டாவதில் பார்த்து, வரிகளை ஒப்பிட்டு, நிறைவு ஏற்பட்ட பின்னரே முதலாவதில் சேர்க்கிறேன்.