ரீசெட் போட்டால் பச்சைக் கோடு போகுமா?

போன் திரையில் பச்சைக் கோடு விழுந்து, நேற்றுதான் கடையில் டிஸ்ப்ளே மாற்றி போனை வாங்கி வந்தேன். இதே மாடல் வைத்திருக்கும் நண்பன், "எனக்கும் கோடு விழுந்துடுச்சுடா, ரீசெட் போட்டா போயிடுமா?" என்று கேட்டான். போகாது. நான் போட்டுப் பார்த்துவிட்டேன், அரை நாள் போனதுதான் மிச்சம்.

3 வருடமாக இந்த போனில் ஒரு குறை சொல்ல முடியாது. கேமரா அருமை, பேட்டரி இன்றைக்கும் ஒரு நாள் தாங்குகிறது. கீழே போட்டதில்லை, தண்ணீர் பட்டதில்லை. ஒருநாள் சாஃப்ட்வேர் அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆகி வந்தபோது வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை முடி கனத்தில் ஒரு பச்சைக் கோடு நின்றது. பகலில் சமாளிக்கலாம், ராத்திரி டார்க் மோடில் எதையாவது படிக்க உட்கார்ந்தால் கண் எழுத்தில் நிற்காது, அந்தக் கோட்டிலேயே போய் விழும்.

முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு போனில் திறந்து பாருங்கள். படத்தில் கோடு இல்லையென்றால் கோளாறு திரையில்தான். போன் ஆன் ஆகும்போது லோகோ வரும் நேரத்திலேயே கோடு தெரிந்தால் இன்னும் உறுதி, சேஃப் மோடு (நாம் போட்ட ஆப்கள் இல்லாமல் போனை ஆன் செய்வது), ரீசெட் எதுவும் வேண்டாம். அமோலெட் திரையில் (ஒவ்வொரு பிக்சலும், அதாவது புள்ளியும், தானே ஒளிரும் வகை) மேலிருந்து கீழாக ஓடும் ஒவ்வொரு பிக்சல் வரிசைக்கும் சிக்னல் கொண்டுவரும் தடம் உண்டு; எல்லாம் ஓரத்தில் திரையை இயக்கும் டிரைவர் சிப்போடு போய்ச் சேரும். அதில் ஒன்று விட்டால் வரிசை மொத்தமும் போச்சு. அப்டேட் போடும்போது போன் நன்றாகச் சூடாகும், ஏற்கெனவே தளர்ந்திருந்த இணைப்பு அதில் விட்டிருக்கலாம் என்றார் ரிப்பேர் செய்தவர்.

ஓரத்தை அழுத்தினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நான் அழுத்தினேன். பத்து விநாடி கோடு மறைந்தது, மறுநாள் இரண்டாக வந்தது. ரிப்பேர்காரர் பின்பக்கத்தைத் திறந்து, டிஸ்ப்ளே கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டியும் பார்த்தார், கோடு அசையவில்லை. கனெக்டர் தளர்ந்திருந்தால் மட்டும் அதில் சரியாகுமாம். அப்புறம் பேனலையே மாற்ற வேண்டியதாயிற்று.

மாற்றுவதாக இருந்தால் ஒரிஜினல் பேனலா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். திரைக்கடியில் கைரேகை சென்சார் இருந்தால் கடையிலேயே சோதித்துப் பாருங்கள், சிலதில் புதுத் திரைக்கு ஏற்ப திரும்ப சரிப்படுத்தினால்தான் (கேலிப்ரேட்) வேலை செய்யும். ஒருமுறை திறந்த போனைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். இதற்கெல்லாம் முன்னால், திரை தெரியும்போதே போட்டோக்களை பேக்கப் எடுத்துவிடுங்கள். டச் போய்விட்டால் பாஸ்வேர்டு கூடப் போட முடியாது.

போன் நல்ல போன்தான், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் என் கை படாமல் வந்த கோட்டுக்கு "வாரண்டி முடிந்துவிட்டது" என்ற ஒரே வரியில் பதில் சொன்ன கம்பெனியிடம் அடுத்த போன் வாங்க மாட்டேன்.