காரில் பேஸ் கூட்ட: கதவா, சீட்டுக்கு அடியா, டிக்கியா?

பேஸ் (பாட்டின் தாழ்ந்த, அதிரும் ஒலி) போதவில்லை என்று போனால் கடைகளில் முதலில் காட்டுவது டிக்கியில் வைக்கும் 12 அங்குல சப்வூஃபரை, அதாவது தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கரைத்தான். என்னைக் கேட்டால், முதல் செலவைக் கதவில் செய்யுங்கள்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் ஒலியைத் தள்ளும்போதே பின்னாலும் தள்ளுகிறது. இரண்டும் நேர் எதிரானவை. கதவின் உள்தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகள் வழியாகப் பின்பக்க ஒலி வெளியே வந்து முன்பக்க ஒலியைத் தின்றுவிடும். அதிகம் அடிபடுவது பேஸ்தான். அந்த ஓட்டைகளை அடைத்து, வெளித்தகட்டின் உட்புறம் பியூட்டைல் டேம்பிங் ஷீட் (தகட்டின் அதிர்வை அடக்கும் ரப்பர் தாள்) ஒட்டினால், காரோடு வந்த ஸ்பீக்கரிலேயே மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) நன்றாகக் கேட்கும். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் மூடவே கூடாது.

கையோடு வயரையும் பாருங்கள். பேலன்ஸை (ஒலியை இடது, வலது ஸ்பீக்கர்களுக்குப் பங்கிடும் அமைப்பு) ஒரு பக்கமாகத் திருப்பும்போது பேஸ் கூடினால், ஏதோ ஒரு ஸ்பீக்கரில் ப்ளஸ் மைனஸ் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். சரிசெய்யக் காசே ஆகாது.

ஆனாலும் ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு ஓர் எல்லை உண்டு. 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே (இந்த எண் குறையக் குறைய ஒலி தாழும்) சத்தமாக ஒலிக்க அதால் முடியாது. அதற்கு சப்வூஃபர்தான் வேண்டும்.

குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு சீட்டுக்கு அடியில் வைக்கும் மெல்லிய சப்வூஃபர் நல்லது. ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும், டிக்கியும் காலியாகவே கிடைக்கும். கூம்பு முன்பின் நகர இடம் குறைவு என்பதால் மிகத் தாழ்ந்த ஒலியில் திணறும். வாங்குமுன் சீட்டை முன்பின் நகர்த்தி, அடியில் இருக்கும் உயரத்தை அளந்துவிடுங்கள்.

டிக்கி இடத்தை விட்டுக்கொடுக்கத் தயார் என்றால் மூடிய பெட்டிக்குள் வைத்த சப்வூஃபர் வாங்குங்கள். துளையுள்ள பெட்டி தன் ட்யூனிங் அதிர்வெண்ணை (அது அமைக்கப்பட்ட ஒலி அளவை) ஒட்டி அதிக சத்தம் தரும், ஆனால் அதற்குக் கீழே சட்டென்று விழுந்துவிடும். மூடிய பெட்டியில் அந்தச் சரிவு மெதுவானது. காரின் சிறிய அறையே தாழ்ந்த ஒலியைத் தூக்கிவிடுவதால் இரண்டும் சேர்ந்து சமன்படும். தவில் அடி இழுவையில்லாமல் விழும்.

எதை வாங்கினாலும் 80 ஹெர்ட்ஸ் அளவில் ஒலியைப் பிரித்துவிடுங்கள்: கீழே இருப்பது சப்வூஃபருக்கு, மேலே இருப்பது கதவுக்கு. அப்புறம், பேட்டரியிலிருந்து வரும் பவர் வயரில் முதல் 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். அது இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். அந்த வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.